பஞ்சு ரோலுக்குப் பால் கொடுத்தவன்

தாய்ப்பாலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஒரே ஆள் குழந்தைதான். மற்ற எல்லோரிடமும் கருத்து இருக்கிறது. பெற்றவர்களிடம் இருக்கிறது, பெறாதவர்களிடம் இருக்கிறது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவரிடமும் இருக்கிறது. மருந்துக்கடைக்காரனிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. அவனிடம் கருத்தோடு சேர்த்துப் பால்பவுடர் டப்பாவும் இருக்கிறதல்லவா?

நான் மருந்துக்கடைக்காரன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் கடை. முன்னால் கடை, அதற்குப் பின்னால் ஹால், அதற்கும் பின்னால் ஓர் அறை, சமையலறை. இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். பார்மசி படித்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று இருக்கும். அந்த ஆணியில் கொஞ்ச நாள் இன்னொரு சான்றிதழ் தொங்கியது. அதை நானே கழற்றிப் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைக்கும்படி ஆனது. என் வீட்டார் இந்தக் கதையை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொல்வார்கள். எனக்கு இன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தால் உள்ளங்கை வியர்க்கிறது.

முதலில் எங்கள் தொழிலின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்காரி எங்கள் கடைக்கு வருவதில்லை. அவள் புருஷன் வருவான். பைக்கை நிறுத்தமாட்டான். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, "அண்ணே, கொழந்த அழுதுக்கினே இருக்குது. பால் பத்தலயாம். ஒரு டப்பா குடு" என்பான். "சின்னதா, பெருசா?" என்று நாங்கள் கேட்போம். அத்தோடு எங்கள் மருத்துவ ஆலோசனை முடிந்தது. குழந்தை ஏன் அழுகிறது என்று அவனும் கேட்டுக்கொண்டு வந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. தாய்க்குக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்க வருகிறவன், "இத்தப் போட்டுக்கினு பால் குடுக்கலாமாண்ணே?" என்று கேட்டால், "எதுக்கு வம்பு, ரெண்டு நாளு நிறுத்திக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவோம். வம்பு எங்களுக்கு வரக் கூடாது. குழந்தைக்கு வந்தால் அதன் தலையெழுத்து. இந்த லட்சணத்துக்கு வெள்ளைக் கோட்டு வேறு (யாராவது சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தால் மட்டும் போடுவேன்).

இப்படிப்பட்ட எங்களைத் திருத்த ஒரு நாள் பயிற்சி ஏற்பாடானது. "பாலூட்டும் தாய்மார்களுக்கு உதவுவதில் மருந்தாளுநர்களின் பங்கு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மதியம் பிரியாணி உண்டு" என்று இன்னொரு செய்தி வந்தது. எங்கள் பங்கு என்ன என்பது எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடையில் அப்படியே இருந்தன. யாரோ ஒரு மணமகன், யாரோ ஒரு மணமகள், அவர்கள் பெயருக்குக் கீழே தாய்ப்பால் வகுப்பு. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மீசை வைத்த ஆண்கள். சேலத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர்தான் பயிற்சியாளர். நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவர். ஒரு பொம்மைக் குழந்தையையும், பஞ்சு அடைத்த சாக்ஸ் ஒன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார். அந்தச் சாக்ஸ்தான் தாயின் மார்பு என்று புரிந்ததும் மண்டபம் முழுக்கத் தலை குனிந்தது. ஆயிரம் விதமான களிம்பை ஆயிரம் விதமான இடத்துக்கு விற்கிற வீரர்கள் நாங்கள். ஒரு சாக்ஸை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் நன்றாகத்தான் சொன்னார். பால் பத்தவில்லை என்று யாராவது சொன்னால் உடனே டப்பாவை எடுக்காதீர்கள், குழந்தை நன்றாக ஒன்றுக்குப் போகிறதா, எடை ஏறுகிறதா என்று கேளுங்கள் என்றார். பெரும்பாலான மாத்திரைகளுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையே இல்லை, சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றார். மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சலும் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். குழந்தையின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும் என்று தன் வாயைத் திறந்தே காட்டினார்.

பிறகு நடித்துக் காட்டும் பயிற்சி. ஒருவர் தாய், ஒருவர் மருந்தாளுநர். தாயாக என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். தலைமேல் ஒரு டவல் போட்டு, கையில் பொம்மையைக் கொடுத்தார்கள். மருந்தாளுநராகச் சின்னசேலத்தில் கடை வைத்திருக்கும் குமரவேல் அண்ணன். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எனக்குப் பால் பத்தலைங்க" என்றேன்.

குமரவேல் அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சின்னதா, பெருசா?" என்றார்.

பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மண்டபமே சிரித்தது. நானும் அழகாகச் சிரித்தேன், நான் அப்படிச் செய்கிறவன் இல்லை என்பதுபோல.

சாப்பாட்டுக்குப் பிறகு கேள்வி நேரம். "பால் கொடுக்கற அம்மாவுக்கு முதல்ல என்ன வேணும்?" என்று கேட்டார். ஒருவர் பூண்டு என்றார். ஒருவர் டானிக் என்றார். ஒருவர் சுறாமீன் என்றார் (அவர் இன்னும் பிரியாணியிலிருந்து வெளியே வரவில்லை). நான் எழுந்து, "நிம்மதியான இடம் மேடம். சுத்தி ஆளுங்க இல்லாம, அவளும் குழந்தையும் மட்டும் இருக்கற மாதிரி ஓர் இடம்" என்றேன். உண்மையில் அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான். பக்கத்து நாற்காலியில் குமரவேல் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பயிற்சியாளர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரையும் கைதட்டச் சொன்னார். மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுத்தார். பரிசு, ஒரு தண்ணீர் பாட்டில். தாய்ப்பால் பயிற்சியில் முதல் பரிசாகப் பாட்டில் வாங்கியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து என் தொல்லை தாங்க முடியாமல் போனது. பயிற்சி முடித்ததற்குக் கொடுத்த சான்றிதழைக் கடையில் மாட்டினேன். கண்ணாடி அலமாரியில் கோபுரமாக நின்ற பால்பவுடர் டப்பாக்களை எடுத்து, பெரியவர்களுக்கான டயப்பர் கட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பைக்கில் வந்தவனிடமெல்லாம், "ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போவுது?" என்று கேட்டேன். ஒருவன் திடுக்கிட்டு, "யாருண்ணே, நானா?" என்றான். இன்னொருவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனான். நான் கவலைப்படவில்லை. கள்ளக்குறிச்சியின் தாய்மார்கள் அத்தனை பேரும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினேன். அவர்களில் ஒருத்திக்கும் என்னைத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்த நிலைமையில்தான் என் மகள் நித்யா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுகப்பிரசவம். பேரன். குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸம்மா எடை போட்டுப் பார்த்து, "நல்லா இருக்கான், நல்லா ஒண்ணுக்குப் போறான், ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நர்ஸம்மா ஒருவர். உறவுக்காரர்கள் பலர். வாழைப்பழச் சீப்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கி, "இன்னா இம்மாஞ்சூண்டு இருக்குது?" என்று ஆரம்பிப்பார்கள். பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆன குழந்தை இம்மாஞ்சூண்டு இல்லாமல், ஏர் ஓட்டுகிற அளவுக்கா இருக்கும்?

என்னிடம் பயிற்சி இருந்தது, சான்றிதழ் இருந்தது, பாட்டிலும் இருந்தது. மகளிடம் நேராகப் பேசத்தான் வாய் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த அப்பன் மகளிடம் போய் மார்பைப் பற்றிப் பேசுவான்? நாலு ஊர்ப் பெண்களுக்குச் சொல்லலாம் என்று கிளம்பியவன், சொந்த மகள் எதிரே வந்தால் ஃபேனைப் பார்த்தபடி, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். எல்லாவற்றையும் என் மனைவி சாந்தியிடம் சொல்லி அனுப்புவேன். அவள் காதில் வாங்கிக்கொள்வாள். பிறகு, "ஏங்க, நீங்க இன்னா நாலு புள்ள பெத்தீங்களா? போயி கடையப் பாருங்க" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உளுந்தூர்பேட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். அதே நேரத்தில் நைனார்பாளையத்திலிருந்து என் அக்காவும் வந்து சேர்ந்தாள். ஆண்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் அத்தனை பேரும் அறைக்குள் போனார்கள். அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் தவிர நிற்கத்தான் இடம் உண்டு. எல்லோரும் நின்றார்கள். நின்று, டிவி பார்ப்பதுபோல நித்யாவைப் பார்த்தார்கள்.

குழந்தை அழுதது. நித்யா முந்தானையால் தன்னையும் குழந்தையையும் மூடிக்கொண்டு பால் கொடுக்கப் பார்த்தாள். அந்த வெக்கையில் மூடிய துணிக்குள் குழந்தை என்ன செய்யும்? வாய் வைக்கும், திமிறும், கத்தும். ஹாலில் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாம்மா நித்யா, வாய வெச்ச ஒடனே எடுத்துக்கினு அழுவுது? பால் கம்மியா இருக்குதோ?" இது சம்பந்தியம்மா.

"எங்க வம்சத்துல யாருக்கும் பால் கம்மி கெடையாதுங்க. பூண்டு வேக வெச்சிக் குடுத்தா தாரையா வரும்." இது என் அக்கா.

"பூண்டு சூடுங்க. அத்த துன்னாதான் புள்ளைக்கு வயித்த வலிக்கும். அதான் அழுவுது."

"உங்க ஊரு பூண்டு சூடா இருக்கும். எங்க ஊரு பூண்டு ஒண்ணும் பண்ணாது."

"எனக்குச் சின்னவன் பொறந்தப்ப இப்டித்தான்..." என்று மூன்றாவது குரல் ஒன்று கிளம்பியது. அது ஒரு சோகக் கதை. பச்சை உடம்புக்காரி காதில் சொல்லவென்றே வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா ஹாலுக்கு வந்தார். "அண்ணே, நம்ம கடையிலயே டப்பா இருக்குமே, ஒண்ணு எடுத்தாங்க. பச்சப் புள்ளய எம்மா நேரம் அழவுட்டுக்கினு இருக்கறது?"

"இல்லீங்க... பயிற்சியில இன்னா சொன்னாங்கன்னா..."

"பயிற்சி கெடக்குது வுடுங்க. நாங்க வேன் ஏர்றதுக்குள்ள புள்ள வயிறு ரொம்புச்சின்னா சரி. இல்லாட்டி டப்பாவ ஒடச்சிட வேண்டியதுதான்."

என் மாப்பிள்ளை பிரகாஷ் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. தானே கடைக்குள் போனார். நான் கண்காணாத இடம் என்று நினைத்திருந்த டயப்பர் கட்டுகளை நகர்த்தி, டப்பாவை எடுத்துவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். சின்னதல்ல, பெரியது.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து நித்யாவின் குரல் கேட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்வதாக நினைத்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, எனக்குப் பாலே இல்லியாம்மா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. என்னால முடியாது போல இருக்குதும்மா."

இடது கை உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோதும் பரீட்சைக்குப் போனவள் அவள். முடியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? "எல்லாரும் வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டு அறையைக் காலி செய்திருப்பான். மேடையேறிச் சொல்லிக் கைதட்டு வாங்கிய பதில் அதுதானே? எனக்கு அது ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்ததெல்லாம் பொம்மையும் சாக்ஸும்தான்.

எங்கள் பக்கத்தில், ஒருவரிடம் நேராகச் சொல்ல முடியாததை இன்னொருவரிடம் சத்தமாகச் சொல்வது வழக்கம். சொல்ல வேண்டியவர் காதில் அது தானாக விழும். மகளுக்குச் சொல்ல வேண்டியதை ஹாலில் இருக்கும் மாப்பிள்ளையிடம் உரக்கச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும். அதற்குக் குழந்தை வேண்டும். கடைக்குள் ஓடினேன்.

குழந்தை அளவுக்கு ஒரு பொருள் மருந்துக்கடையில் என்ன இருக்கும்? கண்ணில் பட்டது பஞ்சு ரோல். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற பஞ்சு, நீலக் காகிதம் சுற்றிய பெரிய ரோல். அந்த அளவில் கடைசி ஒன்று. எடுத்தேன். மாத்திரை அட்டை வெட்டும் கத்தரிக்கோலால் காகிதத்தில் வாய் ஒன்று வெட்டினேன். டவலில் சுற்றினேன். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பெரிய பஞ்சு ஒண்ணு..."

"இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு நான் குழந்தையோடு ஹாலுக்குப் போய்விட்டேன்.

ஹாலின் நடுவில் நின்றேன். "மாப்ள, இங்க பாருங்க!" என்று அறைவரைக்கும் கேட்கும்படி கத்தினேன். பிரகாஷ் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். பக்கத்தில் அவருடைய அப்பா, என் சம்பந்தி, வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

வலது கையால் பஞ்சை அணைத்துப் பிடித்தேன். இடது கையை முஷ்டியாக்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டேன். "கொழந்தையோட வயிறு அம்மா வயித்தோட ஒட்டி இருக்கணும் மாப்ள! கழுத்த மட்டும் திருப்பிக் குடுக்கக் கூடாது!"

"மாமா..." என்றார் பிரகாஷ், பாவமாக.

"வாய் நல்லாத் தொறக்கற வரைக்கும் காத்திருக்கணும்! கொட்டாவி வுடற மாதிரி! ஆஆஆ!"

"மாமா, வாசக்கதவு தொறந்திருக்குது மாமா."

"தொறந்திருக்கட்டும்! கொழந்தையத்தான் மார்புக்குக் கொண்டு வரணும்! மார்ப கொழந்தைகிட்ட கொண்டு போவக் கூடாது! இதோ, இப்டி!"

இப்படி என்று நான் இழுத்து அணைத்தபோதுதான், அறை வாசலில் என் அக்கா நிற்பதைப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்ததை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. தலையைத் திருப்பி அறைக்குள் பார்த்து, "யம்மா, எல்லாரும் வந்து பாருங்க, எங்க தம்பி பால் குடுத்துக்கினு இருக்கறான்!" என்றாள்.

வந்தார்கள். வேனில் வந்த பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பாதிச் சோகக் கதையை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவது குரலும் வந்தது. என்ன சத்தமோ என்று சாந்தியும் வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பரிசு வாங்கியவன். இவ்வளவு பெரிய கூட்டம் இதுவரை என் கடையில்கூட என் ஆலோசனையைக் கேட்டதில்லை. வாய் அகலமாகத் திறப்பதைக் காட்ட, வெட்டிய காகித வாய்க்குள் விரலை விட்டு இழுத்தேன். காகிதம் சர்ரென்று அடிவரைக்கும் கிழிந்தது. குழந்தை அவிழ்ந்தது.

பஞ்சு ரோல் அவிழ ஆரம்பித்தால் நிற்காது. எனக்குத் தெரியாதா, தினமும் விற்கிறேன். என் கையிலிருந்து வெள்ளையாக இறங்கி, தரையைத் தொட்டு, உருண்டு, சம்பந்தியின் காலடிவரை போனது. அவர் பதறிப்போய் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். என் கையில் தலை, அவர் கையில் கால், நடுவில் ஹால் நீளத்துக்குக் குழந்தை.

"அய்யய்யோ, தலயப் புடிங்க, தலயப் புடிங்க!" என்று சம்பந்தியம்மா தன்னை மறந்து கத்தினார்.

"அண்ணே" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல். ஷட்டருக்குக் கீழே குனிந்த அதே ஆள். கடை வழியாக உள்ளேயே வந்துவிட்டிருந்தார். "வெள்ளிமலை பஸ்ஸு எடுத்துடுவான்ணே. அந்தக் கொழந்தையக் குடுத்தீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

அதற்குப் பிறகு ஹால் முழுக்கச் சிரிப்புதான். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் புடிக்கவே தெரிலண்ணே. இங்க குடுங்க, நான் காட்டறேன்" என்று பஞ்சைச் சுருட்டி வாங்கிக்கொண்டார். "நீங்க இன்னா படுக்கப் போட்டுக் குடுக்கறீங்க, எங்க வூட்ல இப்டி" என்று என் அக்கா அவரிடமிருந்து பிடுங்கினாள். பஞ்சு கை மாறியது. ஒவ்வொருத்தியும் தான் தன் பிள்ளைக்குக் கொடுத்த விதத்தைச் செய்து காட்டினாள். ஒருத்தி பஞ்சுக்கு முதுகில் தட்டி ஏப்பம் எடுத்தாள். ஆளுக்கொரு விதம், ஆளுக்கொரு சத்தம். பூண்டு சூடா இல்லையா என்ற வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. வெள்ளிமலைக்காரர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டிருக்கும்.

நான் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். வேட்டியெல்லாம் பஞ்சு. சம்பந்தி வீட்டார் முன்னால் இருந்த மரியாதை, மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சேர்த்து வைத்தது, அந்த ஹாலில் சுருட்ட முடியாதபடி அவிழ்ந்து கிடந்தது. அப்போது எனக்கு ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை.

குழந்தையின் அழுகை கேட்கவில்லை.

"சாந்தி, சத்தமே இல்ல. உள்ள போயிப் பாரு" என்றேன். ஹால் கப்பென்று அடங்கியது. எல்லோரும் அறைக் கதவைப் பார்த்தோம். அது சாத்தியிருந்தது. நாங்கள் யாரும் சாத்தவில்லை. சாந்தி மெதுவாகத் திறந்து உள்ளே போய், பின்னாலேயே சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அப்பன் உள்ளே போகக் கூடாதல்லவா? கையில் கிழிந்த நீலக் காகிதத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

சாந்தி வெளியே வந்தபோது அவள் முகம் கோணிக்கொண்டிருந்தது. அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை.

"குடிக்கிறான்" என்றாள். "முழுங்கற சத்தம் நல்லாக் கேக்குது. ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்த பக்கம் குடிச்சிக்கினு இருக்கறான். கண்ணு சொக்குது."

"நித்யா?"

"முந்தானைய எடுத்துப் போட்டுட்டு ஃபேனுக்குக் கீழ நல்லா சாஞ்சி ஒக்காந்துக்கினு இருக்கறா. எல்லாரும் வெளிய போன ஒடனே அவளே எழுந்து கதவச் சாத்தினாளாம்." சாந்தி என்னைப் பார்த்தாள். "அப்பாவ இன்னும் கொஞ்ச நேரம் அங்கியே ஆடச் சொல்லும்மான்னா."

பரிசு வாங்கிய பதில் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, வார்த்தை மாறாமல். "நிம்மதியான இடம் மேடம்." நான் சொன்னதை என் மகள் கேட்கவே இல்லை. வயிறு ஒட்டியது, வாய் திறந்தது, ஒன்றும் அவள் காதில் விழவில்லை (பிற்பாடு சாந்தி கேட்டபோது, "அப்பா ஏதோ கத்திக்கினு இருந்தாரு" என்றாளாம்). நான் கோமாளியாகி அறையைக் காலி செய்ததுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே சிகிச்சை. சான்றிதழில் அதற்கு இடம் இல்லை.

வேன் கிளம்பும்போது சம்பந்தியம்மா ஃபிரிட்ஜைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. டப்பா பேச்சை எடுக்காமல் வேனில் ஏறினார். ஆனால் அவர் லேசுப்பட்டவரா? அடுத்து வந்த காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம் ஒன்றிலும் விடாமல் சொன்னார். உளுந்தூர்பேட்டையில் எனக்குப் பெயர் கிடையாது. "பஞ்சுக்குப் பால் குடுத்தவரு" என்றால்தான் தெரியும். வெள்ளிமலைக்காரருக்குச் சுருட்டிய பஞ்சைக் கொடுக்க முடியாமல், வேறு கடையில் புதியது வாங்கித் தந்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவர் மலைமேல் போய் என்னவெல்லாம் சொன்னாரோ, அங்கிருந்து வருகிற ஆட்கள் இன்றைக்கும் கடையில் பஞ்சு கேட்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு நித்யா எங்கள் வீட்டில் இருந்த நாட்களில், யாராவது பழச்சீப்போடு வந்தால் சாந்தி அவர்களை ஹாலிலேயே உட்கார வைத்து என்னைக் கூப்பிட்டுவிடுவாள். "ஏங்க, அந்தப் பஞ்சுக் கதையச் சொல்லுங்க." நான் சொல்வேன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே குழந்தை குடித்து முடித்துவிடும். சான்றிதழைக் கழற்றிய பிறகுதான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது.

கடையிலும் ஒரு மாற்றம். பைக்கில் வந்து டப்பா கேட்கிறவனிடம் ஒன்றுக்குப் போவதைப் பற்றி இப்போதும் கேட்கிறேன். அதற்கு முன்னால் இன்னொன்று கேட்கிறேன். "வூட்ல, அந்தப் பொண்ணு இருக்கற ரூம்ல எத்தினி பேரு இருக்கறாங்க?" பாதிப் பேர் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். எண்ணும்போது பைக்கை அணைத்துவிடுவார்கள். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

பேரன் இப்போது எல்கேஜி போகிறான். கடைக்கு வந்தால் அலமாரியில் இருக்கும் பஞ்சு ரோலைக் காட்டி, "தாத்தா பாப்பா" என்கிறான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவேண்டியதில்லை.

நித்யாவுக்கு இரண்டாவது பிரசவத்துக்கு இந்த மாதக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். எனக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது. முந்தாநாள் போன் செய்தாள். வழக்கம்போல நான் ஃபேனைப் பார்த்தபடி, "சாப்டியாம்மா?" என்றேன்.

"சாப்ட்டேன்ப்பா" என்றாள். "உளுந்தூர்பேட்டையிலருந்து இந்தத் தடவ ரெண்டு வேனு வருதாம். பெரிய பஞ்சு ஸ்டாக் வெச்சிக்கோ."